ஒரு சிட்டிகை மணலும் சில கேள்விகளும்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் பாதி மணலைப் பற்றியவை, மீதி அணுவைப் பற்றியவை. யாரும் பேசி வைத்துக்கொண்டு எழுதியதாகத் தெரியவில்லை. இரண்டையும் கலந்தே எடுத்துக்கொள்கிறேன், ஒன்றுக்குப் பதில் சொல்லப் போனால் இன்னொன்று வந்து நிற்கிறது. கணக்கு வருகிற இடங்களில் ஒரு பேனாவையும் பழைய காகிதத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்வதை நம்புவதைவிட நீங்களே போட்டுப் பார்ப்பது ருசியானது.

கேள்வி: ஒரே ஒரு மணல் துகளில் எத்தனை அணுக்கள் இருக்கும்? எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் 'கோடானுகோடி' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு எண் வேண்டும்.

எனக்கும் அந்தச் சொல்லோடு இதே மனக்குறை உண்டு. கோடானுகோடி என்று சொன்னதும் மனது யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. வாருங்கள், எண்ணிவிடுவோம்.

முதலில் மணல் என்றால் எது? அதற்கு ஓர் அளவு இருக்கிறது. சுமார் 0.06 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை உள்ள துகள்தான் மணல். அதைவிடச் சின்னது வண்டல், இன்னும் சின்னது களிமண், 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் சரளை. நாம் நடுவில் ஒன்றை எடுப்போம், அரை மில்லிமீட்டர் குறுக்களவு, ஏறத்தாழ உருண்டை. அதன் பருமன் 0.065 கன மில்லிமீட்டர் வரும். பெரும்பாலான மணல் குவார்ட்ஸ், அதாவது ஒரு சிலிக்கானுக்கு இரண்டு ஆக்ஸிஜன் என்ற கணக்கில் கட்டப்பட்ட படிகம். குவார்ட்ஸ் ஒரு கன மில்லிமீட்டருக்கு 2.65 மில்லிகிராம் இருக்கும். பெருக்கினால் நம் துகளின் எடை சுமார் 0.17 மில்லிகிராம். ஒரு கிராம் சேர்க்க இப்படி 6,000 துகள்கள் வேண்டும்.

இப்போது எடையிலிருந்து எண்ணிக்கைக்குத் தாவ உதவும் அவகாட்ரோ எண்ணைக் கூப்பிடுவோம். 60 கிராம் குவார்ட்ஸில் 'ஒரு சிலிக்கான், இரண்டு ஆக்ஸிஜன்' என்ற தொகுதி எத்தனை இருக்கும் என்றால், 6க்குப் பின்னால் 23 சைபர். நம் துகள் 60 கிராமில் எத்தனையில் ஒரு பங்கோ அதால் வகுத்து, தொகுதிக்கு மூன்று அணு என்று மூன்றால் பெருக்கினால் கிடைப்பது 5க்குப் பின்னால் 18 சைபர். நம் வழக்கில் சொன்னால் 50,000 கோடி கோடி.

நொடிக்கு ஒன்று என்று தூங்காமல் எண்ண உட்கார்ந்தால் முடிக்க 16,000 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்துக்கே இன்னும் 1,380 கோடி வயதுதான். அது பிறந்த கணத்தில் எண்ணத் தொடங்கியிருந்தால்கூட இன்று பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழே இருப்போம், அதுவும் ஒரே ஒரு துகளில்.

கேள்வி: கடற்கரை மணலைவிட நட்சத்திரங்கள் அதிகம் என்கிறார்களே, உண்மையா?

கடற்கரை மணலை மட்டும் வைத்துக்கொண்டால் உண்மைதான். பாலைவனங்களையும் சேர்த்தால் தீர்ப்பு சொல்ல முடியாது. கணக்கு இப்படிப் போகிறது.

உலகில் மணல் நிறைந்த கரை 3 லட்சம் கிலோமீட்டர், சராசரி அகலம் 30 மீட்டர், ஆழம் 5 மீட்டர் என்று வைப்போம். இவை என் உத்தேச அளவுகள், நீங்கள் வேறு எண்களை வைத்துக்கொள்ளலாம், அரை மீட்டர் கூடக் குறைய வைப்பதால் இந்தக் கணக்கு கவிழாது. 4,500 கோடி கன மீட்டர் வருகிறது. ஒரு கன மீட்டரில் நம் அரை மில்லிமீட்டர் துகள்கள் சுமார் 1,000 கோடி. ஆக மொத்தம் 45க்குப் பின்னால் 19 சைபர். தொலைநோக்கிகள் எட்டுகிற பிரபஞ்சத்தில் உள்ள நட்சத்திரங்களுக்குச் சொல்லப்படும் மதிப்பீடு 1க்குப் பின்னால் 22 முதல் 24 சைபர் வரை. அந்த இடைவெளியே நூறு மடங்கு என்பதைக் கவனியுங்கள், அங்கும் உத்தேசம்தான். இருந்தாலும் மதிப்பீட்டின் கீழ் எல்லையை எடுத்தாலும் நட்சத்திரங்கள் இருபது மடங்குக்கு மேல் ஜெயிக்கின்றன.

சஹாராவில் மணல்மேடுகள் மட்டும் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆழம் சராசரி 20 மீட்டர் என்று வைத்துப் பாருங்கள், 4க்குப் பின்னால் 23 சைபர் துகள்கள். போட்டி சமமாகிவிட்டது!

ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்த ஒப்பீடு வேறு. முதல் கேள்வியின் விடையை இங்கே கொண்டு வாருங்கள். ஒரு துகளில் 5க்குப் பின்னால் 18 சைபர் அணுக்கள் என்றால், உலகக் கடற்கரைகள் அத்தனையின் மணல் எண்ணிக்கைக்கு ஈடாக வெறும் 90 துகள்களின் அணுக்கள் போதும். உள்ளங்கையில் கொஞ்சம் மணலை வைத்து 90 துகள்களை ஊசி முனையால் ஒதுக்குங்கள், ஒரு மிளகளவு இடம்கூட ஆகாது. நட்சத்திர மதிப்பீட்டின் மேல் எல்லைக்கு ஈடாக வேண்டும் என்றால் 30 கிராம் சொச்சம் மணல். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும்.

அப்புறம், வெறும் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்கள் எத்தனை? முழு வானத்திலும் சுமார் 9,000, நின்ற இடத்திலிருந்து ஒரு நேரத்தில் அதில் பாதிக்கும் குறைவு. அந்தப் பாதிக்கு ஒரு கிராம் மணலே அதிகம்.

கேள்வி: ஈர மணல் ஏன் கறுத்துத் தெரிகிறது? தண்ணீருக்கு நிறமே இல்லையே. இன்னொன்றும் கேட்க வேண்டும்: அலை போன பிறகு ஈர மணலில் காலை வைத்தால் காலைச் சுற்றிச் சட்டென்று வெளுத்துக் காய்ந்துவிடுகிறதே, பாரம் ஏறினால் தண்ணீர் வெளியே பிதுங்கத்தானே வேண்டும்?

இரண்டாவது கேள்வியைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்தேன். அதை ஒருவர் சும்மா பார்த்துவிட்டுப் போகாமல் 'இது தலைகீழாக அல்லவா நடக்கிறது' என்று நின்றிருக்கிறார். 1885இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி விடை எழுதிய கேள்வி இது.

நிறத்தை முதலில் முடித்துவிடுவோம். காய்ந்த மணலில் ஒளி காற்றிலிருந்து குவார்ட்ஸுக்குள் நுழைகிறது, திரும்ப வெளியே வருகிறது, அடுத்த துகளில் மோதுகிறது. காற்றுக்கும் குவார்ட்ஸுக்கும் ஒளிவிலகலில், அதாவது ஒளியை வளைக்கும் திறனில், பெரிய வித்தியாசம், அதைச் சொல்லும் எண் காற்றுக்கு 1, குவார்ட்ஸுக்கு 1.54. வித்தியாசம் பெரிதானால் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி பலமாகத் திசை திரும்பும், அதனால் இரண்டு மூன்று மோதல்களிலேயே பெரும்பகுதி நம் கண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. இடைவெளிகளில் தண்ணீர் புகுந்தால் அதன் எண் 1.33, குவார்ட்ஸுக்கு நெருக்கம். ஒளி அவ்வளவாகத் திரும்பாமல் நேராக உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. போகிற வழியெல்லாம் துகள்களின் மேல் படிந்திருக்கும் இரும்புக் கறை கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றுவிடுகிறது. திரும்பி வருவது குறைவு, அதனால் கறுப்பு. தண்ணீர் எந்தச் சாயத்தையும் பூசவில்லை, ஒளிக்கு உள்ளே போக வழி விட்டிருக்கிறது, அவ்வளவுதான். நனைந்த துணி கறுத்துத் தெரிவதும், எண்ணெய் பட்ட காகிதத்தில் பின்பக்க எழுத்து தெரிவதும் இதே கதைதான்.

இப்போது காலடி. அலை வந்து வந்து தட்டிப் போன மணல் மிக நெருக்கமாக அடங்கியிருக்கும். ஒரு துகள், கீழ் வரிசையில் இரண்டு துகள்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் பாந்தமாக உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். எல்லா வரிசையும் அப்படியே. நீங்கள் காலை ஊன்றும்போது மணல் பக்கவாட்டில் நகர வேண்டும். நகர வேண்டுமென்றால் ஒவ்வொரு துகளும் தன் பள்ளத்திலிருந்து மேலே ஏறி அடுத்ததைத் தாண்ட வேண்டும். ஏறும்போது வரிசைகளுக்கு இடையே இடைவெளி கூடுகிறது. அதாவது நெருக்கமாக அடங்கிய மணலை உருக்குலைத்தால் அது சுருங்காது, விரியும். விரிந்த இடைவெளிக்குத் தண்ணீர் வேண்டும், எங்கிருந்து வரும்? மேலே பளபளவென்று நின்ற நீர்ப்படலம் உள்ளே உறிஞ்சப்படுகிறது. மேற்பரப்பு காய்கிறது, வெளுக்கிறது. காலை எடுத்ததும் துகள்கள் திரும்ப அடங்கி உட்காரும், தண்ணீர் மேலே வந்து காலடித்தடத்தில் தேங்கும். அடுத்த முறை காலை ஊன்றிவிட்டு அவசரப்படாமல் நின்று பாருங்கள், வெளுப்பு ஒரு வட்டமாக விரிந்து, சில நொடிகளில் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல மங்கி ஈரம் திரும்புவது தெரியும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் மணலை நிரப்பி, தட்டித் தட்டி அடக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் கழுத்து வரை தண்ணீர் விடுங்கள். மூடியில் ஓட்டை போட்டு ஓர் உறிஞ்சுகுழாயைச் செருகி, சுற்றிக் காற்றுப் போகாமல் அடைத்து, குழாயில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி வைத்துக்கொண்டு பாட்டிலை அழுத்துங்கள். குழாயில் தண்ணீர் ஏறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இறங்கும். ரெனால்ட்ஸும் ரப்பர்ப் பையை வைத்துக்கொண்டு இதைத்தான் காட்டினார்.

கேள்வி: அணுவில் 99.99 சதவீதம் காலி இடம் என்று என் நண்பன் சொல்கிறான். அப்படியானால் என் கை ஏன் சுவருக்குள் போகவில்லை?

நண்பர் சொன்ன படம் பாதி சரி. சிலிக்கான் அணுவின் கருவை 1 மில்லிமீட்டர் மணல் துகளாக ஊதிப் பெருக்கினால் அணு சுமார் 30 மீட்டர் அகலத்துக்கு விரிந்து நிற்கும். நிறை ஏறக்குறைய முழுவதும் நடுவில் உள்ள அந்தத் துகளில்தான். 1909இல் கைகரும் மார்ஸ்டனும் தங்கத் தகட்டின் மீது ஆல்ஃபா துகள்களை, அதாவது கதிரியக்கப் பொருளிலிருந்து பாயும் நேர்மின் துகள்களை, ஏவியபோது பெரும்பாலானவை நேராகப் போய், மிகச் சில மட்டும் திரும்பி அடித்தன, அதை வைத்துத்தான் 1911இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவையே கண்டுபிடித்தார்.

மீதி 30 மீட்டர் 'காலி' என்பதில்தான் படம் தவறிப்போகிறது. அங்கே எலக்ட்ரான்கள் இருக்கின்றன, சின்ன உருண்டைகளாக ஓடிக்கொண்டு அல்ல, அந்த இடம் முழுவதும் பரவிய மேகமாக. கை சுவரை நெருங்கும்போது கையின் எலக்ட்ரான் மேகமும் சுவரின் எலக்ட்ரான் மேகமும் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டிவரும். இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்பது 1925இல் பௌலி என்ற இயற்பியலாளர் சொன்ன விதி. ஏற வேண்டுமானால் அவை அதிக ஆற்றல் உள்ள நிலைகளுக்குத் தள்ளப்பட வேண்டும், அந்த ஆற்றலை உங்கள் கை தர முடியாது, அதனால் சுவர் 'கெட்டி'. மின் விலக்கமும் சேர்ந்துகொள்கிறது, ஆனால் மின்விசை மட்டும் இருந்து பௌலி விதி இல்லாமல் போனால் பொருள்கள் இந்தப் பருமனோடு நிற்கவே நிற்காது என்பதை 1967இல் டைசனும் லெனார்டும் கணித ரீதியாக நிரூபித்தார்கள்.

காலி இடமா இல்லையா என்பது யார் கடந்து போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்குச் சுமார் 6,500 கோடி வீதம் புகுந்து போய்க்கொண்டிருக்கின்றன, இந்த வரியைப் படிக்கும்போதும். அவற்றுக்கு மின்சுமை இல்லை, எலக்ட்ரான் மேகத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. அவற்றுக்குச் சுவர் கிட்டத்தட்ட காலி, உங்கள் கைக்கு இல்லை. நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: அணுவை யாராவது பார்த்திருக்கிறார்களா?

'பார்ப்பது' என்றால் எது என்று முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). அணுவின் அகலம் ஒரு நானோமீட்டரில் கால் பங்கோ அதற்கும் குறைவோ. அலை ஆயிரம் மடங்குக்கு மேல் பெரிது, அதனால் எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் ஒளியால் அணுவின் உருவத்தை வரைய முடியாது.

தடவிப் பார்க்கலாம். 1981இல் பின்னிக், ரோரர் இருவரும் செய்த கருவி அதைத்தான் செய்தது. மிகக் கூரான ஊசியைப் பரப்பை ஒட்டி, தொடாமல் நகர்த்துவார்கள், இடைவெளி வழியாக மெல்லிய மின்னோட்டம் தாண்டும், இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினாலே அந்த மின்னோட்டம் சுமார் பத்தில் ஒன்றாகிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தை வரைந்தால் அணுக்கள் மேடு மேடாக வரிசையில் தெரிகின்றன. 1986இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒளியாலும் ஒரு வழி இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரே ஒரு ஸ்ட்ரான்ஷியம் அணுவை மின்புலத்தில் அந்தரத்தில் பிடித்து வைத்து, லேசரால் ஒளிரச் செய்து, சாதாரண கேமராவில் நீண்ட நேரம் திறந்து வைத்துப் படம் எடுத்தார்கள். 2018இல் அந்தப் படம் பரிசு வாங்கியது. நடுவில் ஒரு சின்ன நீலப் புள்ளி. அது அணுவின் உருவம் இல்லை, அணுவிலிருந்து வந்த ஒளி, நட்சத்திரத்தைப் புள்ளியாகப் பார்ப்பது போலவே. நட்சத்திரத்தைப் பார்த்தேன் என்று நாம் சொல்கிறோம் அல்லவா? அப்படியானால் அணுவையும் பார்த்தாகிவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: கண்ணாடியை மணலிலிருந்து செய்கிறார்கள், சரி. ஆனால் கண்ணாடி உண்மையில் மிக மெதுவாக ஓடும் திரவம் என்றும், அதனால்தான் பழைய தேவாலய ஜன்னல்கள் கீழே தடித்திருக்கின்றன என்றும் என் ஆசிரியர் சொன்னார்.

இல்லை. இது ரொம்ப காலமாகச் சுற்றிவரும் தவறு, ஆசிரியரைக் குறை சொல்ல வேண்டாம். அந்தக் காலத்தில் கண்ணாடியை ஊதி, சுழற்றி, வட்டத் தட்டாக விரித்து வெட்டினார்கள், அப்படிச் செய்தால் தடிமன் சீராக வராது. தடித்த பக்கம் மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கும் ஜன்னல்களும் உண்டு. அறை வெப்பத்தில் கண்ணாடி கண்ணில் படுகிற அளவுக்கு ஓட வேண்டுமானால் பிரபஞ்சத்தின் வயதைவிடப் பல மடங்கு காலம் வேண்டும். கண்ணாடி திடப்பொருள்தான். குவார்ட்ஸில் அணுக்கள் வரிசை தப்பாமல் நிற்கும், கண்ணாடியில் உருகிய நிலையில் கலைந்து கிடந்தபடியே உறைந்துவிட்டன, வித்தியாசம் அதுதான்.

கேள்வி: ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மிதக்கிறது. மணல் மட்டும் ஏன் உடனே விழுகிறது? (ஆறாம் வகுப்பு மாணவி)

நல்லா பார்த்திருக்கிறாய், கண்ணு. தூசியும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, ரொம்ப மெதுவாக.

ஒரு துகளின் குறுக்களவைப் பத்தில் ஒன்றாக்கினால் அதன் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் மெல்ல விழும் சின்னத் துகளைக் காற்று தடுக்கும் விசை பத்தில் ஒன்றாகத்தான் குறையும். எடை அவ்வளவு குறைந்து தடை இவ்வளவுதான் குறைந்தால், விழும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். கணக்குப் போட்டால், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள கல்தூசி நொடிக்கு 8 மில்லிமீட்டர் விழும். அதிலும் பத்தில் ஒன்றானால் நொடிக்கு 0.08 மில்லிமீட்டர், அசையாத காற்றில் உன் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகமான 2 மீட்டரைக் கடக்க ஏழு மணி நேரம். காற்று எங்கே ஏழு மணி நேரம் அசையாமல் இருக்கிறது? நீ மூச்சு விட்டாலே அது மேலே போய்விடும்.

இப்படித்தான் சஹாராவின் தூசி அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி அமேசான் காடு வரை போய் விழுகிறது. செயற்கைக்கோளை வைத்து அளந்து 2015இல் வெளியிட்ட கணக்கின்படி ஆண்டுக்குச் சராசரியாக சுமார் 2 கோடியே 77 லட்சம் டன் தூசி அமேசான் படுகையில் இறங்குகிறது, அதில் 22,000 டன் பாஸ்பரஸ். மழை அடித்துக்கொண்டு போகிற பாஸ்பரஸுக்குக் கிட்டத்தட்ட ஈடு அது. ஒரு காட்டுக்கு உரம் இன்னொரு கண்டத்துப் பாலைவனத்திலிருந்து போகிறது.

கேள்வி: அணு தேய்ந்து போகுமா? அதற்கு வயதாகுமா?

தேயாது. செருப்பு தேய்ந்தால் அதன் அணுக்கள் தெருவில் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் புதிதாகவே. நிலையான அணுவுக்கு வயது என்பதே கிடையாது, ஆயிரம் கோடி ஆண்டு பழைய ஆக்ஸிஜனையும் நேற்று உருவான ஆக்ஸிஜனையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.

கதிரியக்க அணுக்கள் வேறு, அவை ஒரு நாள் உடைகின்றன. ஆனால் அவையும் வயதாகி உடைவதில்லை. பொட்டாசியத்தில் ஒரு வகைக்கு அரைவாழ்வு, அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டு. உங்கள் உடம்பிலேயே அந்த அணுக்கள் நொடிக்கு 4,000 அளவில் சிதைந்துகொண்டிருக்கின்றன. அடுத்த நொடியில் எது உடையும் என்பது முழுக்கத் தற்செயல், பழைய அணுவுக்கு அதிக ஆபத்து, புதியதற்குக் குறைவு என்று எதுவும் இல்லை. இது எனக்கு இன்றுவரை பழகாத விஷயம். நாம் அறிந்த மற்ற எல்லாப் பொருளும் நாளாக ஆக நலிகிறது.

கேள்வி: சரி, அப்படியானால் ஒரு மணல் துகளின் வயது என்ன?

முந்தைய கேள்வியை அனுப்பிய அதே வாசகர், அதே கடிதத்தில். இதற்கு ஒரு பதில் கிடையாது, மூன்று இருக்கின்றன.

துகளாக அதன் வயது, அதாவது பாறையிலிருந்து கழன்று தனியானது எப்போது என்பது ஒன்று. கருங்கல்லில் மழைநீர் புகுந்து அதில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றிவிடுகிறது. குவார்ட்ஸ் மசியாது. மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7, கத்தியின் எஃகைவிட அதிகம், தண்ணீரிலும் எளிதில் கரையாது. சுற்றியிருப்பது கரைந்து போக, குவார்ட்ஸ் உதிர்கிறது, ஆற்றோடு போகிறது. எங்கோ படிந்து, அழுந்தி மணற்கல்லாகி, மலையாக எழும்பி, திரும்ப உதிர்ந்து மணலாவதும் உண்டு, ஒரே துகள் இந்தச் சுற்றைப் பல முறை வந்திருக்கலாம்.

படிகமாக அதன் வயது இரண்டாவது, உருகிய பாறை ஆறி அது உருவான நாள். அணுக்களின் வயது மூன்றாவது. அந்த ஆக்ஸிஜனும் சிலிக்கானும் சூரியன் பிறப்பதற்கு முன்பே வாழ்ந்து முடிந்த நட்சத்திரங்களுக்குள் சமைந்தவை, ஆக எந்தத் துகளை எடுத்தாலும் அணுக்கள் 457 கோடி ஆண்டுகளைவிட மூத்தவை.

இரண்டாவது வயதைத் துல்லியமாகச் சொல்ல ஒரு துகள் இருக்கிறது, பெயர் ஸிர்க்கான். மணலில் குவார்ட்ஸோடு கொஞ்சமாகக் கலந்து கிடக்கும். இது படிகமாகும்போது ஸிர்க்கோனியம் உட்கார வேண்டிய இடத்தில் சில யுரேனியம் அணுக்களைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக வெளியே தள்ளிவிடும். யுரேனியம் நாளடைவில் சிதைந்து ஈயமாகிறது. ஆகவே பிற்பாடு படிகத்துக்குள் ஈயம் இருந்தால் அது அங்கேயே பிறந்தது. எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று எண்ணினால் வயது வந்துவிடும். அதிலும் ஒரு வசதி, யுரேனியத்தில் இரண்டு வகை இருக்கிறது, ஒன்றின் அரைவாழ்வு 447 கோடி ஆண்டு, மற்றதற்கு 70 கோடி ஆண்டு. ஒரே துகளுக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள், ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்ற இடத்தில், சுமார் 300 கோடி ஆண்டு பழைய பாறைக்குள் சிக்கியிருந்த ஒரு ஸிர்க்கான் துகளின் வயது 440 கோடி ஆண்டு என்று 2001இல் அறிவித்தார்கள். பூமிக்கு 454 கோடி. அந்தத் துகள் பிறந்த பாறை எப்போதோ அழிந்துவிட்டது, அதன் சுவடே இல்லை, துகள் மட்டும் மிச்சம்.

இவ்வளவு காலத்தில் ஈய அணுக்கள் இடம் நகர்ந்து கணக்கைக் கெடுத்திருக்காதா என்ற சந்தேகம் சிலருக்கு இருந்தது, நியாயமான சந்தேகம். அதைத் தீர்க்க 2014இல் ஜாக் ஹில்ஸிலிருந்தே எடுத்த, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு துகளிலிருந்து ஊசி முனை போல ஒரு துணுக்கைச் செதுக்கி, அதன் அணுக்களை ஒவ்வொன்றாக உரித்து, எந்த ஈய அணு எங்கே இருந்தது என்று வரைபடம் போட்டார்கள். ஈயம் நகர்ந்திருந்தது, ஆனால் சில நானோமீட்டர் அளவு சின்னச் சின்னக் கொத்துகளாகக் கூடியிருந்தது, துகளை விட்டு வெளியே போகவில்லை. வயது நின்றது, 437 கோடி.

கேள்வி: மணலில் காந்தத்தைக் காட்டினால் கறுப்புத் தூள் ஒட்டுகிறதே, அது இரும்பா?

இரும்பு ஆக்ஸைடு, பெரும்பாலும் மேக்னடைட் என்ற கனிமம், அதுவும் கருங்கல்லிலிருந்து உதிர்ந்ததுதான். காந்தத்தை ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டு காட்டுங்கள், இல்லாவிட்டால் தூளைப் பிரித்தெடுக்க முடியாது. பிரித்த தூளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், சில துகள்களில் எட்டு முகப் படிகத்தின் கூர் விளிம்பு இன்னும் மழுங்காமல் இருக்கும்.